மெமரி டெஸ்ட் என்ற அந்த ஒரு வரியின் கதை

அன்புள்ள பழைய மாணவ மாணவியருக்கும் உறவுகளுக்கும்,



எங்கள் தெரு வாசிப்பறைக்கு வந்து சேர்ந்த ஆறு பழைய மடிக்கணினிகளைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அவற்றைக் கொடுத்தவர்களில் பலர் நீங்கள்தான். ஆறிலும் லினக்ஸ் போட்டாயிற்று. இப்போது ஆறிலும் இன்னொரு வரியும் சேர்ந்திருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்து ஐந்து விநாடி நிற்கும். முதல் வரி லினக்ஸ். அதற்குக் கொஞ்சம் கீழே "மெமரி டெஸ்ட்" என்று ஒரு வரி. படத்தைப் பார்த்த துபாய் மாணவர் ஒருவர், "சார், இதுக்கு ஒரு பென் டிரைவ் போதுமே, எதுக்கு ஆறு கணினியிலயும்?" என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் அறுபது வருட வரலாறு வந்து நிற்கிறது. கணக்கு வாத்தியாருக்கு எதற்கு வரலாறு என்று நினைக்காதீர்கள். இதில் கணக்கும் இருக்கிறது. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நினைவகம் என்றால் என்ன என்று பார்ப்போம். நீங்கள் தட்டச்சு செய்யும் எழுத்து, பார்க்கும் படம், போடும் கணக்கு எல்லாம் வன்தட்டுக்குப் போவதற்கு முன் தங்கும் இடம் ரேம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகை மாதிரி. பாடம் நடக்கும்போது எல்லாம் அதில்தான். மணி அடித்தால் அழிந்துவிடும். பலகையில் எழுதியது தப்பாகத் தெரிந்தால், பிள்ளைகள் நோட்டிலும் தப்பாகவே ஏறும். நோட்டில் குற்றம் இல்லை, பிள்ளையிடமும் குற்றம் இல்லை.

நம் நாட்டில் உருவான முதல் பெரிய கணினிகளில் ஒன்று மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்தது. 1962-ல் நேரு அதற்கு "டிஃப்ராக்" என்று பெயர் சூட்டினார். அதன் நினைவகம் ஃபெரைட் என்ற காந்தப்பொருளால் ஆன குட்டி வளையங்கள். பாசிமணி கோத்த மாதிரி கம்பிகளில் கோத்திருக்கும். ஒவ்வொரு வளையமும் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1. மின்சாரம் போனாலும் வளையம் தன் காந்தத்தை விடாது. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 கணினி வந்தபோதும் உள்ளே இருந்தது இதே காந்த வளைய நினைவகம்தான்.

அதற்குள் அமெரிக்காவில் வேறொன்று நடந்துவிட்டது. ஐ.பி.எம்.மில் ராபர்ட் டெனார்ட் என்ற பொறியாளர் 1966-ல் ஒரு யோசனை கண்டுபிடித்தார். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சின்ன மின்தேக்கி. இவ்வளவு போதும் ஒரு பிட்டைப் பிடித்து வைக்க. 1968-ல் காப்புரிமை கிடைத்தது. 1970-ல் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற சில்லு, காந்த வளையங்களின் காலத்தை முடித்து வைத்தது. இன்று உங்கள் கணினியில் இருக்கும் ரேம் டெனார்டின் வாரிசுதான்.

ஆனால் இந்த மின்தேக்கி ஓட்டைக் குடம். ஊற்றி வைத்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு அறையையும் படித்து மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாக 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டி முடிப்பதற்குள் அத்தனை குடமும் ஒரு சுற்று நிரம்பியாக வேண்டும். எத்தனை குடம்? 4 ஜி.பி. ரேமில் சுமார் 3,436 கோடி. நீங்களே பெருக்கிப் பாருங்கள்: 4 × 1024 × 1024 × 1024 × 8.

இவ்வளவில் ஒன்று தவறினால் என்ன ஆகும்? சில நேரம் ஒன்றுமே ஆகாது. சில நேரம் படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறும். சில நேரம் கணக்கே மாறும். 500 என்ற எண்ணை இரும எண்ணாக எழுதினால் அதில் 512-க்கான இடம் 0. அந்த ஒரு 0 மட்டும் 1 ஆனால் 500 ரூபாய் 1012 ரூபாய் ஆகிவிடும். எழுத்திலும் அப்படித்தான். யூனிகோடில் "அ" என்பதற்கும் "இ" என்பதற்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். அது புரண்டால் "அவன் கடன் வாங்கினான்" என்று நீங்கள் எழுதியது "இவன் கடன் வாங்கினான்" என்று ஆகிவிடும். கணினி சத்தம் போடாது, எச்சரிக்கை தராது. அடித்தல் திருத்தல் இல்லாத சுத்தமான பொய்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் பெல்ஜியத்தைப் பாருங்கள். 2003 மே மாதம் அந்த நாட்டுத் தேர்தலில், பிரசல்ஸ் பக்கத்தில் ஸ்கார்பேக் என்ற ஊரில், ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக விழுந்திருந்தது. கிடைக்கவே முடியாத எண்ணிக்கை என்பதால் மட்டுமே கண்டுபிடித்தார்கள். 4096 என்பது 2-ன் 12-ஆம் அடுக்கு. நினைவகத்தில் ஒரு பிட் தானாகப் புரண்டிருக்கலாம் என்பதே விசாரித்தவர்கள் சொன்ன விளக்கம். அந்த எண்ணிக்கை சாத்தியமானதாக இருந்திருந்தால் யாரும் மறுபடி எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆரம்ப காலப் பொறியாளர்களுக்கு இந்தப் பயம் இருந்தது. 1981-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் பி.சி.யில் எட்டு பிட்டுக்கு ஒன்பதாவதாக ஒரு பிட் வைத்திருந்தார்கள். எட்டில் எத்தனை 1 இருக்கிறது, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. பேரிட்டி என்பார்கள். திரும்பப் படிக்கும்போது கணக்கு ஒத்துவராவிட்டால் கணினி அங்கேயே நின்று, பேரிட்டி பிழை என்று சொல்லிவிடும். பொய்யான கணக்கைத் தருவதைவிட வேலை செய்யாமல் நிற்பது மேல் என்ற கொள்கை.

எட்டு சில்லுக்குப் பதில் ஒன்பது வாங்கினால் செலவும் எட்டில் ஒரு பங்கு கூடும். 1990-களில் பி.சி. வீட்டுச் சாமானாக மாறி விலைப் போட்டி வந்தபோது, முதலில் வெட்டப்பட்டது அந்த ஒன்பதாவது பிட். 1995-ல் இன்டெல் கொண்டுவந்த 430எஃப்.எக்ஸ். சிப்செட்டில் பேரிட்டி சரிபார்ப்பு வசதியே கிடையாது. காவல்காரரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. இன்றும் பெரிய சர்வர்களில்தான் பிழையைத் தானே திருத்தும் நினைவகம் வைக்கிறார்கள். நம் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இல்லை.

காவல்காரர் இல்லாத இந்த வீட்டில்தான் லினக்ஸ் வந்து குடியேறியது. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. 1990-களில் லினக்ஸ் பழகியவர்கள் கர்னலைத் தாங்களே கம்பைல் செய்வார்கள். மணிக்கணக்கில் ஓடும் வேலை. ரேமின் மூலை முடுக்கெல்லாம் உபயோகமாகும். பாதியில் "சிக்னல் 11" என்று சொல்லி நின்றுவிடும். எல்லாரும் சொன்னது என்ன? "விண்டோஸ் நல்லாத்தான் ஓடுது, லினக்ஸ்தான் சரியில்லை."

நெதர்லாந்தில் ரோஜியர் வூல்ஃப் என்பவர் இதற்கென்றே ஒரு கேள்வி பதில் தொகுப்பு எழுதினார். அதன் சாரம், நான் வகுப்பில் சொல்லியிருக்கக்கூடிய ஒரு விதி. அதே வேலையை மறுபடி செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றால் மென்பொருளில் பிழை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் வன்பொருளில் பிழை, பெரும்பாலும் நினைவகம். ஒரு மாணவன் ஒரே கணக்கில் எப்போதும் தப்புச் செய்தால் அவனுக்கு அந்த வாய்பாடு தெரியவில்லை. வெவ்வேறு கணக்கில் அங்கங்கே தப்பினால், அவனுக்குப் பலகை தெரியவில்லை. கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

சரி, நினைவகத்தை எப்படிச் சோதிப்பது? லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து முழுதாகச் சோதிக்க முடியாது. லினக்ஸே அந்த ரேமில்தான் உட்கார்ந்திருக்கிறது. தான் உட்கார்ந்திருக்கும் பாயைத் தானே எப்படி உதறுவது? இயங்குதளம் எழுந்து வருவதற்கு முன், காலி வீட்டில் நுழைந்து பார்க்க வேண்டும். கிறிஸ் பிராடி என்பவர் 1990-களின் நடுவில் அப்படி ஒரு நிரல் எழுதினார். பெயர் மெம்டெஸ்ட்86. ஒரு ஃபிளாப்பியில் அடங்கிவிடும். கணினி அந்த ஃபிளாப்பியிலிருந்தே தொடங்கும். விண்டோஸோ லினக்ஸோ எதுவும் தேவையில்லை. அந்த நிரலும் ரேமில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாக வேண்டுமே என்று கேட்பீர்கள். உண்மை. மற்ற இடத்தைச் சோதித்து முடித்ததும் தன்னை வேறிடத்துக்கு நகர்த்திக்கொண்டு, முதலில் உட்கார்ந்திருந்த இடத்தையும் சோதித்துவிடும்.

எப்படிச் சோதிக்கிறது என்பது கணக்குப் பிரியர்களுக்கு. மற்றவர்கள் இரண்டு பத்தி தாண்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒரு வகுப்பில் ஒவ்வொரு மேசையிலும் அந்த மேசையின் எண்ணையே எழுதிய சீட்டை வைக்கிறோம். பிறகு வரிசையாகப் போய்ப் படிக்கிறோம். 12-ஆம் மேசையில் 28 என்று இருந்தால், சீட்டு வைக்கும்போதே வழி குழம்பியிருக்கிறது. அது முகவரிக் கம்பியின் கோளாறு. அடுத்து எல்லா மேசையிலும் 0 வைத்து, முதல் மேசையிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து 1 ஆக மாற்றிக்கொண்டே போகிறோம். பிறகு கடைசி மேசையிலிருந்து பின்னோக்கி, படித்து 0 ஆக மாற்றிக்கொண்டே வருகிறோம். ஒரு மேசையில் எழுதியது பக்கத்து மேசைச் சீட்டைத் தொட்டுக் கெடுத்திருந்தால், போகும்போதோ வரும்போதோ மாட்டிக்கொள்ளும்.

ஏன் இப்படி முன்னும் பின்னும் நடக்க வேண்டும்? ஒவ்வொரு அறையையும் மற்ற எல்லா அறைகளோடும் ஒப்பிட்டால்தான் உறுதி என்று ஆரம்பத்தில் செய்தார்கள். N அறை என்றால் N-ன் வர்க்கம் அளவுக்கு வேலை. ஒரு செயலுக்கு ஒரு மைக்ரோ விநாடி என்று வையுங்கள். 4,096 அறைக்கு 17 விநாடி. 65,536 அறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். பத்து லட்சம் அறைக்கு கிட்டத்தட்ட 12 நாள்! சில்லு பெரிதாகப் பெரிதாகச் சோதனையே சாத்தியமில்லாமல் போயிருக்கும். 1978-ல் ரவி நாயர், சதீஷ் தட்டே, ஜேக்கப் ஆபிரகாம் என்ற மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, N-க்கு நேர்விகிதத்தில், முப்பது மடங்கு வேலையிலேயே முக்கியக் கோளாறுகளைப் பிடிக்கலாம் என்று காட்டியது. 12 நாள் வேலை அரை நிமிடத்துக்கு வந்துவிட்டது. 1981-ல் சக், சுதாகர் ரெட்டி இருவரும் அதை இன்னும் சுருக்கினார்கள். இந்த வகைக்கு "மார்ச்" சோதனை என்று பெயர், அணிவகுத்து நடப்பது. இந்தப் பெயர்களில் எத்தனை நம் ஊர்ப் பெயர்கள் என்று பார்த்தீர்களா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இருந்து எழுதியவர்கள்தான். ஆனாலும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இப்போது பட்டியலுக்கு வருவோம். கணினி எழுந்ததும் எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று கேட்கும் சிறு நிரலுக்குப் பூட் லோடர் என்று பெயர். லினக்ஸில் முதலில் லைலோ; பிறகு கிரப். கிரப்பை 1995-ல் எரிக் போலின் தொடங்கினார். 1999-ல் அது க்னூ திட்டத்துக்குள் வந்தது. மெம்டெஸ்ட்86-இல் ஒரு சாமர்த்தியம் இருந்தது. அது தன்னைத் தொடங்கிக்கொள்ளும் பகுதியை லினக்ஸ் கர்னலிலிருந்தே எடுத்திருந்தது. அதனால் லைலோவும் கிரப்பும் அதை இன்னொரு கர்னல் என்றே எடுத்துக்கொண்டன. ஃபிளாப்பியைத் தேட வேண்டாம். கோப்பை வன்தட்டில் வைத்து, பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

பிராடியின் நிரல் புதிய செயலிகளுக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கியபோது, சாமுவேல் டெமுலமீஸ்டர் என்பவர் 2004-ல் அதைப் புதுப்பித்து மெம்டெஸ்ட்86+ என்று வெளியிட்டார். மூல நிரல் திறந்திருந்ததால்தான் அது முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வரி உலகம் சுற்றியது. உபுண்டு குறுந்தகடுகள் ஞாபகம் இருக்கிறதா? எழுதிப் போட்டால் வெளிநாட்டிலிருந்து இலவசமாகத் தபாலில் வரும்; 2005-லிருந்து 2011 வரை. உங்களில் சிலர் உறை பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறீர்கள். அந்தத் தகட்டைப் போட்டால் வரும் பட்டியலில், நிறுவு என்பதற்குச் சற்றுக் கீழே நினைவகச் சோதனையும் இருக்கும்.

அதே காலத்தில் தமிழ்நாட்டு அரசிலும் லினக்ஸ் நுழைந்தது. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது எல்காட் நிறுவனம் சுசே லினக்சுக்கு மாறியது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-ல் வெளிவந்தது. அது டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. நம் டெல்டாவில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினி அதுதான். நடவு, களையெடுப்பு என்று போய் வந்த அம்மாக்களின் வீட்டில் பாஸ் லினக்ஸ் வந்து உட்கார்ந்தது. பல வீடுகளில் அதை அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் வைத்துக்கொண்டார்கள். காரணம் கேட்டால், பழைய பல்லவிதான்: "லினக்ஸ் மாட்டிக்குது சார்."

எல்லா மாட்டலுக்கும் ரேம் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யாரும் பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். பார்க்கும் கருவி விலையில்லாதது. கிலோபைட் கணக்கில் அடங்குவது. டெபியனில் அது தானாக வராது, கேட்டால்தான் வரும். கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் ஊரில் எத்தனை பேர்?

இப்போது வாசிப்பறைக் கதைக்கு வருகிறேன். ஆறில் ஒன்று, 2 ஜி.பி. துண்டு இரண்டு போட்ட பழைய கணினி. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, நாகூரின் பழைய வீடுகளைப் பற்றி, முற்றம், திண்ணை, மாடி ஜன்னல் எல்லாம் எழுதி, பாட்டிமார்களிடம் கேட்டறிந்த பெயர்களோடு இருபது பக்கம் தயாரித்திருந்தாள். பள்ளிப் போட்டிக்காக. கொடுக்க வேண்டிய நாளுக்கு முன்னாள் திறந்தால் கோப்பு திறக்கவில்லை. பிரதி எடுத்து வைத்ததும் அதே கணினியில் எடுத்தது; அதுவும் திறக்கவில்லை. பெரியவர்கள் கூடிவிட்டார்கள். "மூடாம பிடுங்கியிருப்பே." "சேவ் பண்ணத் தெரியாம எதையோ அமுக்கியிருப்பே." அவள், "இல்ல சார், நான் சேவ் பண்ணிட்டுத்தான் சார் மூடினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மலேசியாவிலிருந்து அவளுடைய வாப்பா போனில் பேசியபோது அவருக்கும் முதலில் போய்ச் சேர்ந்த செய்தி, மகள் கணினியைக் கெடுத்துவிட்டாள் என்பதுதான்.

நான் அந்தக் கணினியில் ஒரே பெரிய கோப்பை மூன்று முறை பிரதி எடுத்து ஒப்பிட்டேன். மூன்று பிரதியிலும் மூன்று வெவ்வேறு இடத்தில் வித்தியாசம். வேறு வேறு இடத்தில் தப்பு என்றால் கண்ணாடி வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? மெம்டெஸ்ட்86+ நிறுவி, கிரப் பட்டியலைப் புதுப்பித்து, இஷா பாங்கு சொன்ன பிறகு ஓட விட்டோம். இருபது நிமிடத்துக்குள் சிவப்பு வரிகள் வரிசையாக இறங்கின. ஒரு ரேம் துண்டைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்துச் சோதித்தோம், சுத்தம். துண்டுகளை மாற்றி வைத்தோம், மறுபடி சிவப்பு. எந்தத் துளையில் போட்டாலும் அதே துண்டுதான் தப்புச் சொன்னது. நம் ஊர் உப்புக்காற்றில் தொடுமுனைகள் கறுத்துப்போவது வழக்கம் என்பதால், மெக்கானிக் தம்பி செய்வதுபோல் பென்சில் அழிப்பானால் தேய்த்தும் பார்த்தோம். பயனில்லை, துண்டே கெட்டது. தூக்கி வைத்துவிட்டோம். மற்ற துண்டோடு அந்தக் கணினி இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது.

அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சிவப்பு வரிகள் எடுத்த படத்தைக் காட்டினேன். அங்கே சத்தம் போட்ட பெரியவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். இருபது பக்கம் திரும்பி வரவில்லை. அவள் பாட்டிமார்களிடம் மறுபடி போய்க் கேட்டு எழுத ஆரம்பித்திருக்கிறாள். போட்டித் தேதி போய்விட்டது. ஆனால் பழி அவள் தலையிலிருந்து இறங்கியது. வாப்பாவுக்கும் அந்தப் படத்தை அவளே அனுப்பினாள்.

துபாய் மாணவருக்கு இதுதான் பதில். பென் டிரைவ் என் சட்டைப்பையில் இருக்கும். நான் இல்லாத நேரத்தில், அந்தப் பிள்ளைமேல் பழி விழும் நேரத்தில், அது அவளுக்கு உதவாது. பட்டியலில் இருக்கும் வரியை அழுத்த யாரையும் கேட்க வேண்டாம், இணையம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கருவி காட்டினால் மூட்டை திரும்பி வருகிறது. விவசாயி என்ன கேட்கிறார்? "கருவி சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க" என்கிறார். அந்தச் சோதனையை அதிகாரியின் மேசைக்குள் பூட்டி வைத்தால் விவசாயிக்கு என்ன பயன்? களத்தில், எல்லார் கண்முன்னும் இருக்க வேண்டும்.

இந்த வரி ஒருமுறை பட்டியலிலிருந்து காணாமல் போய்த் திரும்பி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததோடு, கணினிகள் பழைய பயாஸ் முறையை விட்டு யூ.இ.எஃப்.ஐ. என்ற புது முறைக்கு வேகமாக மாறின. மெம்டெஸ்ட்86+ பயாஸை நம்பி எழுதியது. புது முறையில் அதற்கு வேலை செய்யத் தெரியாது. கிரப் பட்டியலில் அந்த வரியே வராது. மூல மெம்டெஸ்ட்86-ஐ 2013-ல் பாஸ்மார்க் என்ற நிறுவனம் ஏற்றுக்கொண்டு புது முறைக்கு மாற்றியது. ஆனால் அந்தப் புதிய பதிப்பின் மூல நிரல் திறந்ததாக இல்லை. பல ஆண்டுகள் புதிய கணினி வாங்கியவர்களுக்கு லினக்ஸ் பட்டியலில் சோதனை வரி கிடையாது. மார்ட்டின் விட்டேக்கர் என்பவர் பழைய நிரலைப் பெருமளவு திருத்தி எழுதி பி.சி.மெம்டெஸ்ட் என்று 2020-ல் வெளியிட்டார். அதை அடித்தளமாக வைத்து, 2022 அக்டோபரில் மெம்டெஸ்ட்86+ 6-ஆம் பதிப்பு வந்தது; பயாஸ், யூ.இ.எஃப்.ஐ. இரண்டிலும் ஓடும். 2023-ல் வந்த டெபியன் 12-இல் அது சேர்ந்தது.

உங்கள் கணினியில் சேர்ப்பது எளிது. டெபியன், உபுண்டு, மின்ட் போன்றவற்றில் மென்பொருள் நிறுவும் இடத்தில் மெம்டெஸ்ட்86+ என்று தேடி நிறுவுங்கள். பிறகு முனையத்தில் நிர்வாகி உரிமையோடு அப்டேட்-கிரப் என்ற கட்டளையைக் கொடுங்கள். பட்டியலைத் திரட்டும் சிறு நிரல்களுக்கு எண் உண்டு: 10 லினக்சுக்கு, 20 மெம்டெஸ்டுக்கு, 30 விண்டோஸ் போன்ற மற்றவற்றுக்கு. அந்த வரிசைப்படியே அது தானாக வந்து உட்காரும். பல கணினிகளில் பட்டியல் ஒளிந்திருக்கும். கிரப் அமைப்புக் கோப்பில் அதைக் காட்டச் சொல்லி, காத்திருக்கும் நேரத்தை ஐந்து விநாடி ஆக்குங்கள். செக்யூர் பூட் என்ற பூட்டு போட்ட கணினியில் சோதனை தொடங்க மறுக்கலாம். சோதிக்கும் நேரம் மட்டும் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, முடிந்ததும் திரும்பப் போடுங்கள்.

ஓட விடும்போது கவனிக்க வேண்டியவை சில. ஒரு சுற்று சுத்தமாக முடிந்தது என்றால் முழு உத்தரவாதம் இல்லை. இரவு முழுக்க ஓடட்டும். மார்கழிக் குளிரில் சுத்தமாக இருந்தது அக்னி நட்சத்திர வெயிலில் தப்பலாம். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்துதான். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்தக் கணினியை நம்பாதீர்கள். ஆனால் உடனே ரேமைத் தூக்கி எறியவும் வேண்டாம். துளையில் கோளாறா, துண்டில் கோளாறா என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். புது ரேம் வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. நெதர்லாந்தின் ரிக் வான் ரெயின் என்பவர் முன்பே செய்து காட்டியதுபோல, கெட்ட முகவரிகளை மட்டும் தொடாதே என்று லினக்சிடம் சொல்லிவிடலாம். கூரையில் ஒழுகும் இடத்தை விட்டுப் பாய் விரிப்பது மாதிரி.

அரிதான கோளாறு என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். 2009-ல் கூகுள் தன் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஓராண்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்கள் ஒருமுறையாவது நினைவகப் பிழை கண்டிருந்தன. வயதாக ஆகப் பிழை கூடியது. அவை பிழை திருத்தும் நினைவகம் உள்ள சர்வர்கள். பிழை நடந்ததே அதனால்தான் தெரிந்தது. நம்மிடம் இருப்பது எட்டு, பத்து வருடப் பழைய மடிக்கணினிகள், ஒன்பதாவது பிட் இல்லாதவை.

எனவே உங்கள் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவிலிருந்து பழைய கணினி கொண்டுவந்து கொடுக்க நினைப்பவர்கள், பெட்டி கட்டும் முன் ஓர் இரவு இந்தச் சோதனையை ஓட விட்டு, முடிவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். கெட்ட துண்டு இருந்தாலும் பரவாயில்லை, எது என்று எழுதுங்கள், இங்கே பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் பிள்ளைகள் உபயோகிக்கும் கணினியில் கோப்பு கெட்டுப்போனால், யாரையும் திட்டுவதற்கு முன் அந்த வரியை ஒருமுறை அழுத்துங்கள். எங்களிடம் 2 ஜி.பி. டி.டி.ஆர்.3 மடிக்கணினி ரேம் ஒன்று குறைகிறது. யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார், நாகூர்